பிள்ளை எடுக்க வருகிறவர்கள் முதல் நாளில் கேட்க வேண்டிய கேள்வி



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள்.

விடுமுறைக் காலம் வந்தால் ஆசிரியர்களாகிய எங்களிடம் ஒரு விசாரிப்பு வரும். லண்டனிலோ மெல்பேர்னிலோ குடியிருக்கும் நம்மூர்த் தம்பதி. கலியாணம் முடித்துப் பத்துப் பன்னிரண்டு வருடம். வைத்தியம் எல்லாம் செய்து பார்த்துவிட்டார்கள். "சேர், ஊருல கஷ்டப்பட்ட குடும்பத்துல ஒரு பிள்ளைய எடுத்துத் தர ஏலுமா? நாங்க நல்லா வளர்ப்பம்" என்பார்கள். நேரில் கேட்க வெட்கப்படுகிறவர்கள் ராத்தாவையோ மாமியையோ அனுப்புவார்கள்.

பிள்ளையில்லாத வீட்டில் பெருநாள் காலை எப்படி விடியும் என்று நமக்குத் தெரியும். கலியாண வீட்டில் "இன்னும் ஒண்டும் இல்லையா?" என்று கேட்டு அவர்களை நோகடித்தவர்களும் நாம்தான். ஆகவே இந்த விசாரிப்பை யாரும் கேலி செய்ய வேண்டாம்.

ஆனால் இந்தப் பேச்சுகளில் ஒன்றைக் கவனித்து வருகிறோம். விசாவுக்கு எவ்வளவு நாள், சட்டத்தரணிக்கு எவ்வளவு, ஆணா பெண்ணா, எத்தனை மாதம் என்று எல்லாம் கேட்கப்படும். (நிறம் என்ன என்று முதலில் கேட்பவர்களும் உண்டு. அதை வேறொரு நாள் பேசுவோம்.) "இந்தப் பிள்ளையைப் பெற்றவள் யார், அவள் ஏன் கொடுக்கிறாள், பிள்ளைக்கு அவள் வைத்த பெயர் என்ன?" என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்பவர்களும் பெரும்பாலும் ஒரு பயத்தில்தான் கேட்கிறார்கள்: அவள் பின்னொரு காலத்தில் வந்து நிற்பாளா?

எங்கள் கருத்து இதுதான். பிள்ளையை முதன்முதலாகப் பார்க்கும் அன்றே அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். அந்தப் பதில் இல்லாமல் பிள்ளையைக் கையில் தூக்குவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், அந்தக் கேள்வியைக் கேட்காமல் பிள்ளை எடுத்ததன் விளைவை நமது நாடு ஏற்கனவே கண்டுவிட்டது.

1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்து சுமார் 11,000 குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். நெதர்லாந்துக்கு மட்டும் 3,000க்கு மேல். சுவீடன், சுவிட்சர்லாந்து, ஜெர்மனி என்று மற்ற நாடுகளுக்கும் போனார்கள். வெள்ளைக்காரத் தம்பதி கட்டுநாயக்கவில் வந்து இறங்குவார்கள். ஒரு ஹோட்டலிலோ, தரகரின் வீட்டிலோ, நீதிமன்ற வளவிலோ குழந்தை கைமாறும். பக்கத்தில் ஒரு பெண் நிற்பாள். அவள்தான் தாய் என்று சொல்லப்படும். அவளது மொழி அவர்களுக்குத் தெரியாது, அவர்களது மொழி அவளுக்குத் தெரியாது. ஒரு படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அவர்களில் பலர் நல்ல மனிதர்கள், நல்ல நோக்கத்தோடு வந்தவர்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தப் படம் முப்பது வருடம் ஓர் ஆல்பத்தில் இருக்கும். பிள்ளை வளர்ந்து, அந்தப் படத்தையும் பிறப்புச் சான்றிதழையும் தூக்கிக்கொண்டு இலங்கைக்கு வந்து, படத்தில் உள்ள பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, கட்டிப்பிடித்து அழுது, பிறகு டீஎன்ஏ பரிசோதனை செய்தால் அவள் தாய் இல்லை. சான்றிதழில் இருந்த பெயரும் பொய், விலாசமும் பொய். காசு கொடுத்துத் தாயாக நிற்க வைக்கப்பட்ட பெண்கள் அவர்கள். 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சியின் ஸெம்ப்ளா நிகழ்ச்சி இதை வெளியே கொண்டுவந்தது. குழந்தைகளை விற்பதற்கென்றே கர்ப்பிணிகளை வைத்திருந்த 'குழந்தைப் பண்ணைகள்' இங்கே இருந்தன என்பதை அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன அதே நிகழ்ச்சியில் ஏற்றுக்கொண்டார். பெற்ற தாய்மாரில் சிலருக்குப் பிள்ளை இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்டிருந்தது.

2020இல் சுவிட்சர்லாந்து அரசு இலங்கைப் பிள்ளைகளின் விடயத்தில் வருத்தம் தெரிவித்தது. 2021இல் நெதர்லாந்தில் ஒரு விசாரணைக் குழு, இலங்கை உட்பட ஐந்து நாடுகளிலிருந்து பிள்ளை எடுத்த முறைகளில் பாரிய முறைகேடு நடந்ததாகவும், அரசுக்குத் தெரிந்தும் தடுக்கவில்லை என்றும் அறிக்கை கொடுத்தது. வெளிநாட்டுத் தத்தெடுப்பையே அந்த நாடு உடனே நிறுத்தி வைத்தது.

இத்தனைக்கும் காரணம், முதல் சந்திப்பில் "இவள்தான் தாயா?" என்று யாரும் தரகரைத் தாண்டி விசாரிக்காததுதான். விசாரிக்காமல் இருப்பது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

இங்கே சிலர் சொல்வார்கள்: "அது வெள்ளைக்காரன் செஞ்ச வேலை. நாங்க எங்கட சமூகத்துக்குள்ள, எங்கட மார்க்கப்படி செய்றம்." சரி, நமது மார்க்கத்தையே பார்ப்போம்.

ஸைத் பின் ஹாரிஸா (ரழி) அவர்களின் வரலாறு நமது பிள்ளைகளுக்கு மத்ரஸாவில் சொல்லிக்கொடுக்கப்படுவதுதான். தாயோடு பயணம் போன இடத்தில் கொள்ளையர்களால் தூக்கிச் செல்லப்பட்ட சிறுவர். உக்காழ் சந்தையில் விற்கப்பட்டு, கதீஜா (ரழி) அவர்களிடம் வந்து, அவர்கள் வழியாக நபியவர்களிடம் (ஸல்) வந்தார். தகப்பன் ஹாரிஸா வருடக்கணக்காகத் தேடினார். மக்காவில் இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தம்பியையும் கூட்டிக்கொண்டு, மகனை மீட்கப் பணத்தோடு வந்து நின்றார். நபியவர்கள் ஒளித்து வைக்கவில்லை, பணம் கேட்கவும் இல்லை. ஸைதைக் கூப்பிட்டு, வந்திருப்பவர்கள் யார் என்று தெரிகிறதா எனக் கேட்டு, அவர்களோடு போவதா தன்னோடு இருப்பதா என்ற முடிவை அவர் கையிலேயே கொடுத்தார்கள். ஸைத் நபியவர்களோடு இருக்க விரும்பினார். தகப்பன் மனநிறைவோடு திரும்பினார்.

அதன் பிறகு 'முஹம்மதின் மகன் ஸைத்' என்று அழைக்கப்பட்டவரை, ஸூரா அல்அஹ்ஸாபின் 4ஆம் 5ஆம் வசனங்கள் இறங்கியதும் மறுபடி 'ஹாரிஸாவின் மகன் ஸைத்' என்று அழைத்தார்கள். அன்பு குறைந்ததா? இல்லை. அல்குர்ஆனில் பெயர் சொல்லப்பட்ட ஒரே ஸஹாபி அவர்தான். வளர்த்தவரின் அன்பும் பெற்றவரின் பெயரும் ஒன்றையொன்று தின்றுவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சம்பவம் வேறெங்கே இருக்கிறது?

இஸ்லாத்தில் தத்தெடுப்பு இல்லை என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். தடுக்கப்பட்டது நஸபை மாற்றுவது. எத்தீமைப் பொறுப்பேற்று வளர்ப்பது, அதாவது கஃபாலா, தடுக்கப்பட்டதல்ல. அதன் சிறப்பு எல்லோருக்கும் தெரியும். தாய் யார் என்று தெரியாத ஐரோப்பியப் பிள்ளைகள் நாற்பது வயதில் வந்து தேடுவது என்ன? அந்த நஸபைத்தான். அந்தச் சொல் அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இனி நமது வழக்கத்துக்கு வருவோம். ஊரில் பிள்ளை 'எடுப்பது' எப்படி நடக்கிறது? பிரசவத்துக்கு முன்பே பேசி வைப்பது. வைத்தியசாலையில் எடுக்கிறவளின் பெயரைக் கொடுப்பது. பிறப்புச் சான்றிதழில் எடுத்தவர்களே உம்மா வாப்பாவாகப் பதிவாவது. பெற்றவளுக்குக் கொஞ்சம் காசும் ஒரு வாக்குறுதியும். அதற்குப் பிறகு அவள் அந்தத் தெருவால் போகவும் கூடாது. சொந்தத்துக்குள் நடந்தால் அவள் 'சாச்சி' ஆகிவிடுவாள்.

இந்தப் பொய் எங்கே உடைகிறது தெரியுமா? சிலருக்குப் பள்ளிக்கூடத்தில், சண்டையில் இன்னொரு பிள்ளையின் வாயால். சிலருக்கு ஒரு மௌத்து வீட்டில். பெண் பிள்ளைகளுக்கு நிகாஹ் நேரத்தில். வளர்த்தவர் வலியாக நிற்க முடியாது என்று தெரிந்த பெரியவர் யாராவது மனம் பொறுக்காமல் வாய் திறப்பார். மருதாணி காயாத கையோடு, தன்னைப் பெற்றவர் வேறு என்று ஒரு பிள்ளை அறியும் வேதனையை அந்த வீட்டார் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள். தகுந்த நேரத்தில் தகுந்த வாயால் சொல்லியிருந்தால் அது ஒரு சாதாரணக் குடும்ப விடயமாக இருந்திருக்கும்.

கிழக்கில் இருக்கிற நமக்கு ஒன்று நினைவிருக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு கல்முனை வைத்தியசாலையில் '81ஆம் இலக்கக் குழந்தை' என்று உலகமே பேசிய அந்தச் சிசு. ஒன்பது தாய்மார் உரிமை கோரியதாக வெளிநாட்டுச் செய்திகள் எழுதின. கடைசியில் 2005 பெப்ரவரியில் டீஎன்ஏ பரிசோதனை பார்த்து, நீதிமன்றம் பெற்றவர்களிடம் ஒப்படைத்தது. அந்த நாட்களில் அநாதையான பிள்ளைகளை எடுத்துச் செல்ல வெளிநாட்டிலிருந்து ஆட்கள் விசாரித்தபோது, சுனாமிப் பிள்ளைகளைத் தத்துக் கொடுப்பதை அரசு தடுத்து வைத்தது. அப்போது நம்மில் பலர் அதைக் குறை சொன்னார்கள். அது சரியான முடிவு. அழிவின் நடுவில், யார் உயிரோடு இருக்கிறார் என்றே தெரியாத நேரத்தில் பிள்ளையை நாடு கடத்தினால், பிறகு தேடி வரும் உம்மாவுக்கு யார் பதில் சொல்வது?

ஆகவே வெளிநாட்டிலிருந்து வரும் நம்மவர்களுக்குச் சொல்கிறோம். தரகரை விட்டுவிடுங்கள். தெரிந்த 'மிஸ்'ஸையும் விட்டுவிடுங்கள். சட்டத்தில் இதற்கு மகவேற்பு என்று பெயர். 1941ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், 1992இல் திருத்தப்பட்டது. 80களில் நடந்ததைப் பார்த்துத்தான் வெளிநாட்டவருக்கான விதிகளை இறுக்கினார்கள். நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம் வழியாகத்தான் போக வேண்டும். பிள்ளை அரச இல்லத்திலிருந்தோ பதிவுபெற்ற இல்லத்திலிருந்தோதான் வரும். நீங்களாகப் பிள்ளையைத் தெரிவு செய்ய முடியாது. எடுக்கிறவர் 25 வயதைத் தாண்டியிருக்க வேண்டும், பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையென்றால் அதன் சம்மதமும் வேண்டும். நீங்கள் வாழும் நாட்டின் அனுமதி தனி. இங்கே நீதிமன்றக் கட்டளை கிடைத்தாலும் அங்கே விசா கிடைக்காமல் பிள்ளை நடுவில் நிற்கலாம். ஆகவே அங்கிருந்து தொடங்குங்கள்.

நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்புப் பற்றிய ஹேக் சமவாயத்தை இலங்கை 1995இலேயே ஏற்றுக்கொண்டது. அதில் நமது ஊர் வழக்கத்தைப் பார்த்தே எழுதியது போன்ற இரண்டு விடயங்கள் இருக்கின்றன. ஒன்று, தாயின் சம்மதம் பிரசவத்துக்குப் பிறகுதான் பெறப்பட வேண்டும். வயிற்றில் இருக்கும்போது பேசி வைப்பது செல்லாது. மற்றது, அந்தச் சம்மதங்கள் எல்லாம் முறையாகப் பெறப்படும் வரை, குடும்பத்துக்குள் நடக்கும் தத்தெடுப்புப் போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, எடுக்கப் போகிறவர்கள் பெற்றவர்களைச் சந்திக்கவே கூடாது. இது இரக்கமற்ற விதி போலத் தெரியும். லண்டனிலிருந்து வந்தவர் வறிய வீட்டின் வாசலில் நின்றால், அந்தத் தாயின் 'சரி' உண்மையான சரியாக இருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளையின் பூர்வீக விபரங்களைப் பாதுகாத்து வைக்கும் பொறுப்பையும் அதே சமவாயம் அரசுக்குக் கொடுக்கிறது. அந்த விபரத்தைக் கேட்பது உங்கள் உரிமை. பிள்ளைக்காக நீங்கள் செய்ய வேண்டிய கடமையும் கூட.

இனி அந்த முதல் சந்திப்பு. இதில் எங்களுக்குக் கொஞ்சம் பேச உரிமை இருக்கிறது. ஒவ்வொரு ஜனவரியிலும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் கேற்றைப் பிடித்துக்கொண்டு கத்துவதைப் பார்க்கிறவர்கள் நாங்கள். உம்மா வெளியே நிற்கிறா, மத்தியானம் வந்து கூட்டிக்கொண்டு போவா, எல்லாம் தெரிந்தும் அந்த அழுகை. அப்படியானால், முன்பின் தெரியாத இருவர் வந்து "இனி நாங்கதான் உன்ட உம்மா வாப்பா" என்று சொன்னால் நாலு வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

நிறையப் பேர் ஒன்றைத் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். பார்த்த உடனே ஓடி வந்து மடியில் ஏறிய பிள்ளையை, "எங்களுக்கெண்டே அல்லாஹ் தந்தது" என்று கொண்டாடுவார்கள். அழுது, இல்லத்துப் பொறுப்பாளரின் சேலைக்குப் பின்னால் ஒளிந்த பிள்ளையைப் பார்த்து மனமுடைந்து போவார்கள். உண்மை பெரும்பாலும் மறுபக்கம். யார் கையை நீட்டினாலும் போகிற பிள்ளை, பல கைகள் மாறிய பிள்ளையாக இருக்கலாம். அதற்கு ஒருவரை நம்பிப் பழகக் காலம் எடுக்கும். அழுகிற பிள்ளைக்கு ஏற்கனவே ஒருவரில் பாசம் வைக்கத் தெரிந்திருக்கிறது. அந்தப் பாசத்தை ஒருநாள் உங்களிலும் வைக்கும்.

பொதி பொதியாக விளையாட்டுச் சாமான் கொண்டு போக வேண்டாம். ஒன்று போதும். அத்தர் பூசிக்கொண்டு போய்த் தூக்கிக் கொஞ்ச வேண்டாம். நிலத்தில் உட்காருங்கள். பிள்ளை வரும்வரை இருங்கள். முடிந்தால் முன்கூட்டியே உங்கள் படங்கள் ஒட்டிய ஒரு சிறிய கொப்பியை இல்லத்துக்கு அனுப்பி, அங்குள்ளவர்கள் தினமும் காட்டட்டும். பிள்ளை சிங்களம் பேசும் இல்லத்திலிருந்து வருகிறதென்றால் பசி, தண்ணீர், வலி, பயம், பாத்ரூம் என்று இருபது சொல்லாவது படித்துக்கொண்டு போங்கள். பிள்ளை போர்த்தும் பழைய துணியைக் கேட்டு வாங்குங்கள், கழுவாமல் கொண்டு போங்கள். அதில் இருக்கும் மணம்தான் புது வீட்டில் முதல் ராத்திரி அதற்குத் துணை.

பெயரை மாற்றாதீர்கள். கூப்பிடும் பெயர் ஒன்றுதான் அதன் கையில் இருக்கும் சொத்து.

சகோதரங்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். இதைக் கேட்காமல் போனவர்களின் பிள்ளைகள்தான் பிறகு அதிகம் நோகிறார்கள். நபி மூஸாவின் (அலை) பெட்டி ஆற்றில் போகும்போது கரையோரமாகப் பின்தொடர்ந்து போனது ஒரு ராத்தா என்பதை மறக்க வேண்டாம்.

மஹ்ரம் பிரச்சினை பற்றிக் கேட்பீர்கள். ஷாஃபிஈ மத்ஹபின்படி இரண்டு வயதுக்குள் ஐந்து தடவை பாலூட்டினால் பால்குடி உறவு உண்டாகும். யார் ஊட்டினால் யாருக்கு மஹ்ரமாகும் என்பதை முன்கூட்டியே ஓர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள். சொத்து விடயத்தில் ஹிபாவும், மூன்றிலொன்று வரை வஸிய்யத்தும் இருக்கின்றன. பிறப்புச் சான்றிதழில் பொய் எழுத வேண்டிய அவசியம் எதற்கும் இல்லை.

கடைசியாக, மறுபக்கம் ஒன்று. 80களில் போன பிள்ளைகளுக்கு இப்போது நாற்பதை ஒட்டிய வயது. கையில் ஒரு பழைய படம், ஒரு வைத்தியசாலையின் பெயர், ஒரு கிராம சேவகர் பிரிவு, இவ்வளவோடு வந்து தேடுகிறார்கள். பெற்ற தாய்மாருக்கு அறுபது, எழுபது வயது. பலர் கணவரிடமும் பின்னர் பிறந்த பிள்ளைகளிடமும் சொல்லாமலே வாழ்கிறார்கள். நமது ஊருக்கு அப்படி யாராவது வந்தால் ஃபோனைத் தூக்கி லைவ் போட வேண்டாம். கூட்டம் சேர்த்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகவும் வேண்டாம். பழைய மருத்துவிச்சிகள், ஓய்வுபெற்ற பதிவாளர்கள், மூத்தம்மாக்கள் யாருக்காவது ஏதாவது தெரிந்தால், முதலில் நம்பிக்கையான ஒரு பெண் அந்தத் தாயிடம் தனியாகப் போய்ப் பேசட்டும். அவ சந்திக்க விரும்பவில்லை என்றால் வற்புறுத்தக் கூடாது. ஒரு கடிதம், ஒரு படம், குடும்பத்தில் சீனி வருத்தமோ நெஞ்சு வருத்தமோ உண்டா என்ற ஒரு வரி கிடைத்தாலும் தேடி வந்தவருக்கு அது பெரிய விடயம்.

மகவேற்பு வழக்குகளில் அனுபவமுள்ள சட்டத்தரணிகள், நன்னடத்தை உத்தியோகத்தர்கள், ஆலிம்கள் யாராவது வாசித்தால், நாங்கள் விட்டதைக் கீழே சேர்த்துவிடுங்கள். பிள்ளை தேடும் தம்பதிகளின் பெயரையோ, பிள்ளைகளின் படத்தையோ மட்டும் இங்கே போட வேண்டாம். இன்பொக்ஸில் கேளுங்கள், உரிய அலுவலகத்தின் விபரத்தைத் தருகிறோம்.